பிந்தி வந்து சேரும் இதயங்கள்: வால்வு சீரமைப்பில் பெண்களுக்கு நேர்வது

1923ஆம் ஆண்டு பாஸ்டன் நகரில் எலியட் கட்லர் என்ற அறுவை மருத்துவர், சுருங்கிப்போன மைட்ரல் வால்வைத் திறந்துவிடுவதற்காக ஒருவரின் இதயத்துக்குள் கத்தியைச் செலுத்தினார். நோயாளி 12 வயதுச் சிறுமி. 1925இல் லண்டனில் ஹென்றி சவுட்டர் அதே வால்வைத் தம் விரலாலேயே விரித்துவிட்டார். அவரிடம் வந்திருந்தவளும் இளம்பெண்தான். 1948இல் பிலடெல்பியாவில் சார்ல்ஸ் பெய்லி இந்தச் சிகிச்சை கைகூடக்கூடியதே என்று காட்டியபோது, பிழைத்து எழுந்தவர் 24 வயதுப் பெண். மைட்ரல் வால்வைச் சீராக்கும் கலையை மருத்துவ உலகம் பெண்களின் உடலில்தான் கற்றுக்கொண்டது. ஆனால் நெஞ்சைப் பிளக்காமல் அதே வால்வைச் சரிசெய்யும் புதிய முறைகளைச் சோதித்த பெரிய ஆய்வுகளில் பெண்கள் சிறுபான்மையாகிவிட்டார்கள். கசியும் வால்வின் இதழ்களைப் பிடித்துச் சேர்க்கும் கிளிப்பைத் தொடைச் சிரை வழியாகப் பொருத்தும் முறையைச் சோதித்து 2018இல் வெளிவந்த ‘கோஆப்ட்’ ஆய்வில் 614 பேரில் பெண்கள் 36 விழுக்காடு. விலா இடுக்கில் சிறு துளையிட்டுச் செய்யும் அறுவையை மார்பெலும்பைப் பிளந்து செய்யும் அறுவையோடு ஒப்பிட்டு 2023இல் வெளியான பிரிட்டன் ஆய்வில் 330 பேரில் பெண்கள் 30 விழுக்காடு. சிகிச்சை யாருக்குப் பலன் தருகிறது என்ற கேள்விக்கு உலகம் வைத்திருக்கும் விடை, பெரும்பாலும் ஆண்களைப் பார்த்து எழுதிய விடை. இது நம் ஊர்ப் பெண்களுக்கு எவ்வளவு பொருந்தும் என்று ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

நம் நாட்டில் மைட்ரல் வால்வு கெடுவதற்கு முதன்மையான காரணம் இன்னும் ருமாட்டிக் காய்ச்சல்தான். சிறுவயதில் வரும் தொண்டைப் புண்ணுக்குக் காரணமான ஸ்ட்ரெப்டோகாக்கஸ் கிருமியை எதிர்க்கக் கிளம்பும் உடலின் தற்காப்பு, தவறுதலாக இதய வால்வையும் தாக்கிவிடுகிறது. மூட்டுவலி சில வாரங்களில் போய்விடும். வால்வில் விழுந்த வடு போகாது. கதவின் இரண்டு பலகைகளைப் போலத் திறந்து மூட வேண்டிய வால்வு இதழ்கள், ஓரங்களில் ஒட்டிக்கொண்டு ஆண்டுக்கணக்கில் இறுகுகின்றன. நுரையீரலிலிருந்து வரும் ரத்தம் இதயத்துக்குள் இறங்க வழியில்லாமல் பின்னோக்கித் தேங்க, மூச்சு வாங்குகிறது. இந்த நோய் பெண்களையே அதிகம் பிடிக்கிறது. ஆப்பிரிக்க நாடுகள் 12, இந்தியா, ஏமன் ஆகியவற்றின் மருத்துவமனைகளில் 3,343 நோயாளிகளைப் பதிவுசெய்த ‘ரெமெடி’ ஆய்வில் 66.2 விழுக்காட்டினர் பெண்கள்; நோயாளிகளின் இடைநிலை வயது 28. இரண்டு ஆண்டுகளுக்குள் அவர்களில் 16.9 விழுக்காட்டினர் இறந்தார்கள். மேலை நாடுகளின் வால்வு ஆய்வுகளில் நாம் சந்திப்பவர் எழுபதை நெருங்கும் ஆண். இங்கே சந்திப்பவர் கைக்குழந்தையோடு வரும் பெண்.

மார்பெலும்பைப் பிளக்காத வால்வுச் சிகிச்சையில் நம் பக்கத்துக்கு நீண்ட வரலாறு உண்டு. வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் 1956 முதல் 1980 வரை, இதயத்தை நிறுத்தாமலேயே வால்வை விரித்துவிடும் மூடிய அறுவையை 3,724 பேருக்குச் செய்து, அவர்களைத் தொடர்ந்து கவனித்து, ஸ்டான்லி ஜானும் அவருடைய குழுவினரும் 1983இல் முடிவுகளை வெளியிட்டார்கள். உலக அளவில் மிகப் பெரிய தொகுப்புகளுள் அது ஒன்று. ஜப்பானின் கான்ஜி இனோவே 1984இல் அறிமுகப்படுத்திய பலூன் முறை அந்த அறுவையின் இடத்தைப் பிடித்தது. தொடைச் சிரை வழியாக ஏறும் குழாய், இதயத்தின் இடைச்சுவரைத் துளைத்து இடது பக்கம் போகும். சுருங்கிய வால்வில் வைத்துப் பலூனை ஊதினால் ஒட்டிய ஓரங்கள் பிரியும். திறந்த அறுவைக்குப் பலூன் சளைத்ததல்ல என்பதை உலகுக்கு உறுதிசெய்த ஆய்வுகளுள் முக்கியமான ஒன்று, ஐதராபாத் நிஜாம் மருத்துவ நிறுவனத்தில் 60 நோயாளிகளிடம் நடத்தப்பட்டு 1994இல் வெளிவந்தது. மூன்று ஆண்டுகள் கழித்து அளந்தபோது பலூன் குழுவினரின் வால்வே அதிகம் திறந்திருந்தது. ஆக, ‘சிறு துளைச் சிகிச்சை’ என்பது நமக்கு அயலிலிருந்து வந்த ஆடம்பரம் அன்று. ஏழைப் பெண்களுக்கு உயிர்கொடுத்து வந்த வழக்கமான மருத்துவம்.

சிகிச்சை முடிந்த பிறகு ஆணும் பெண்ணும் ஒரே பலனை அடைகிறார்களா? சான்றுகள் ஒரே குரலில் பேசவில்லை. ஆனால் அவை சாயும் பக்கம் தெரிகிறது. பாஸ்டனைச் சேர்ந்த மருத்துவர்கள் பலூன் சிகிச்சை பெற்ற 1,015 பேரை ஆராய்ந்து 2011இல் எழுதினார்கள். அவர்களில் 839 பேர் பெண்கள். சிகிச்சை வெற்றி ஆண்களில் 83 விழுக்காடு, பெண்களில் 69 விழுக்காடு. பலூனுக்குப் பின் கடுமையான கசிவு ஏற்பட்டதும், பின்னாளில் வால்வு அறுவை தேவைப்பட்டதும் பெண்களிடமே அதிகம். கோஆப்ட் ஆய்வைப் பால்வாரியாகப் பிரித்துப் பார்த்தபோது கிளிப் இருபாலருக்கும் நன்மை செய்தது. ஆயினும் இதயச் செயலிழப்பால் மீண்டும் மருத்துவமனையில் சேர நேர்வதைக் குறைக்கும் பலன், முதல் ஆண்டுக்குப் பின் பெண்களிடம் மங்கியது. மாயோ கிளினிக் 2008இல் வெளியிட்ட ஆய்வில், கடுமையான கசிவுள்ள பெண்களுக்கு ஆண்களைவிடக் குறைவாகவே அறுவை செய்யப்பட்டிருந்தது. பதினைந்தாண்டு முடிவில் அவர்களிடம் இறப்பும் கூடுதல். அமெரிக்க முதியோர் காப்பீட்டுத் தரவுகளோ, வால்வைச் சீர்செய்துகொண்ட ஆண்கள் தம் வயதொத்த பிறரைப் போலவே வாழ்ந்ததையும், பெண்கள் அந்த நிலையை எட்டாததையும் காட்டின. நாடும் நோயும் கருவியும் வேறு வேறு. ஆனாலும் பெண்ணுக்குக் கிடைக்கும் பலன் சற்றே குறைந்து நிற்பது திரும்பத் திரும்பத் தெரிகிறது.

இந்த வேறுபாட்டின் பெரும்பகுதி சிகிச்சை மேசையில் உண்டாவதில்லை, அதற்கு முந்தைய ஆண்டுகளில் உண்டாகிறது என்பதே என் வாதம். பலூன் பலிக்குமா என்று பார்க்க மருத்துவர்கள் வில்கின்ஸ் மதிப்பெண் பயன்படுத்துகிறார்கள். இதழின் அசைவு, தடிப்பு, சுண்ணாம்புப் படிவு, வால்வைத் தாங்கும் நாண்களின் இறுக்கம் ஆகிய நான்குக்கும் ஒன்று முதல் நான்கு வரை மதிப்பிட்டுக் கூட்டுவார்கள். கூட்டுத்தொகை எட்டுக்குள் இருந்தால் நல்ல பலன் எதிர்பார்க்கலாம். இந்த நான்குமே காலம் போகப் போக ஏறுபவை. 25 வயதில் வந்திருந்தால் ஆறாக இருந்திருக்கும் மதிப்பெண், 40 வயதில் பத்தாகியிருக்கலாம். அதற்குள் இதயத் துடிப்பின் ஒழுங்கு குலைந்திருக்கும். நுரையீரல் குழாய்களில் அழுத்தம் ஏறியிருக்கும். ஆய்வாளர் இவற்றை ‘வால்வின் அமைப்பு’, ‘நோயின் கடுமை’ என்று அட்டவணையில் எழுதுகிறார். பிறகு புள்ளியியல் முறைப்படி இவற்றைச் சமன்செய்து, பால் வேறுபாடு சுருங்கிவிட்டது என்று முடிக்கிறார். கணக்கில் பிழையில்லை, பொருள்கொள்வதில்தான் பிழை. தடித்த இதழும் ஒழுங்கற்ற துடிப்பும், பெண் என்பதால் பிந்திய சிகிச்சை அவள் உடலில் விட்டுச்சென்ற தடங்களாக இருக்கும்போது, அவற்றைக் கழித்துவிட்டு மீதியைப் பார்ப்பது காரணத்தையே கழித்துவிடுவதாகும்.

பிந்துவது எப்படி நடக்கிறது என்பதற்குத் தமிழ்நாட்டிலிருந்தே வலுவான சான்று உண்டு. சென்னை மருத்துவக் கல்லூரி நடத்திய ‘எம்-பேக்’ பதிவேடு, 2016 ஜூலை முதல் 2019 டிசம்பர் வரை இதய நோயுள்ள 1,005 கர்ப்பிணிகளின் 1,029 பேறுகாலங்களைப் பின்தொடர்ந்தது. அவற்றில் 60.5 விழுக்காட்டில் இருந்தது ருமாட்டிக் இதய நோய். பதிவேட்டில் இருந்த பெண்களில் ஏறத்தாழ 42 விழுக்காட்டினருக்குத் தம் இதயத்தில் கோளாறு இருப்பதே கர்ப்பத்தின்போதுதான் முதன்முதலில் தெரியவந்தது. சிறுவயதில் தொடங்கிய நோய், பள்ளியிலும் வேலையிடத்திலும் திருமண வீட்டிலும் யார் கண்ணிலும் படாமல், உடலில் ரத்த அளவு 40 முதல் 50 விழுக்காடு கூடும் பேறுகாலத்தில், வால்வு அந்தச் சுமையைத் தாங்க முடியாதபோது வெளிப்படுகிறது. இடைப்பட்ட ஆண்டுகளில் அவளுக்கு மூச்சு வாங்காமல் இருந்திருக்காது. ஆனால் அதற்கு வேறு பெயர் வைக்கப்பட்டிருக்கும். ஐந்தாவது தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் 53.4 விழுக்காட்டினருக்கு ரத்தசோகை. களைப்பு, படபடப்பு, மேல்மூச்சு என்று வரும் பெண்ணிடம் இரும்புச்சத்து மாத்திரை கொடுத்து அனுப்புவது பெரும்பாலும் சரியாகவே இருக்கும். அதனால்தான் அது ஆபத்தானது. சரியான அந்த விடைக்குப் பின்னால் வால்வுச் சுருக்கம் ஒளிந்துகொள்கிறது. அதே குறிகளோடு வரும் ஆணை இசிஜி எடுக்க அனுப்புகிறோம்.

பிந்துவதற்கு இன்னொரு காரணம் நாம் கையாளும் அளவுகோல். வால்வு கசியும்போது எப்போது சீரமைப்பது என்று முடிவுசெய்ய, இதயம் சுருங்கிய நிலையில் இடது கீழறையின் குறுக்களவு 40 மில்லிமீட்டரைத் தொட்டதா என்று எக்கோ என்னும் ஒலியலைப் பரிசோதனையில் பார்க்கிறார்கள். இருபாலருக்கும் இதே எண். ஆனால் எக்கோ வழிகாட்டிகளின்படி இந்த அளவின் இயல்பான மேல்வரம்பு ஆணுக்கு 39.8, பெண்ணுக்கு 34.8 மில்லிமீட்டர். அதாவது ஆண் இயல்பைத் தாண்டிய உடனே சிகிச்சைக் கோட்டைத் தொடுகிறான். பெண் இயல்பைத் தாண்டிய பிறகு இன்னும் ஐந்து மில்லிமீட்டர் வீங்கியாக வேண்டும். உடலளவைக் கொண்டு பார்த்தால் இடைவெளி இன்னும் விரிகிறது. 178 சென்டிமீட்டர் உயரமும் 85 கிலோ எடையும் உள்ள ஆணின் உடற்பரப்பு சுமார் 2.05 சதுர மீட்டர். அவனுக்கு 40 மில்லிமீட்டர் என்பது சதுர மீட்டருக்கு 19.5. நம் கிராமங்களில் சாதாரணமாகக் காணும் 150 சென்டிமீட்டர், 45 கிலோப் பெண்ணின் உடற்பரப்பு 1.37, அதே 40 அவளுக்கு 29. ஐரோப்பிய வழிகாட்டி 2021இல் உடற்பரப்போடு சேர்த்துப் பார்க்கும் அளவையும் குறிப்பிட்டது நல்ல தொடக்கம். மிகச் சிறிய உடலுக்கு இந்த வகுத்தல் கணக்கு அப்படியே பொருந்தாது என்பதும் உண்மை; இயல்பான இதயத்தையே அது வீங்கியதாகக் காட்டிவிடக்கூடும். எனவே தேவை வேறொரு மந்திர எண் அன்று. இந்தியப் பெண்களின் இதயங்களை அளந்து, அவர்களுக்கே உரிய இயல்பளவை வகுத்து, அங்கிருந்து முடிவெடுப்பது.

இதற்கு எழக்கூடிய முதல் மறுப்பு உடற்கூறு பற்றியது. பெண்ணின் ரத்தக்குழாய்கள் குறுகலானவை. சிறு துளை அறுவையில் இதய-நுரையீரல் இயந்திரத்தை இணைக்கத் தொடைக்குழாயைப் பயன்படுத்தும்போது காயம் ஏற்படும் வாய்ப்பு அவர்களுக்கு அதிகம். அவர்களின் வால்வு வாயும் சிறியது. கிளிப் இரண்டு இதழ்களையும் பிடித்துச் சேர்க்கும்போது மிஞ்சும் வழி மேலும் குறுகி, கசிவு நின்றாலும் சுருக்கம் தலைதூக்கக்கூடும். பாஸ்டன் ஆய்வில் வயதையும் வால்வின் நிலையையும் சமன்செய்த பிறகும் வேறுபாடு முழுதாக மறையவில்லை. இவற்றை நான் மறுக்கவில்லை. ஆனால் உடற்கூறு மட்டுமே காரணமென்றால், கோஆப்ட் ஆய்வில் பிற காரணிகளைச் சமன்செய்தபோது இரண்டாண்டுக்குள் இறக்கும் அபாயம் பெண்களுக்குக் குறைவாக இருந்ததை எப்படி விளக்குவது? தாங்கும் திறன் பெண்ணுடலுக்கு உண்டு. மேலும், உடற்கூற்று வேறுபாடு கையைக் கட்டிக்கொள்வதற்கான காரணமும் ஆகாது. குழாய் சிறியது என்றால் சிறிய கருவி வேண்டும். வால்வு வாய் சிறியது என்றால் குறைவான கிளிப்பும், இறுகுவதற்கு முன்பே சிகிச்சையும் வேண்டும்.

இரண்டாவது மறுப்பு: நம் மருத்துவமனைகளில் பலூன் சிகிச்சை பெறுவோரில் பெரும்பான்மை பெண்கள்தாமே, அவர்களுக்கு என்ன தடை? நோயே பெண்களை அதிகம் பிடிக்கும்போது, பெண்கள் அதிகம் வருவதை வைத்து வர வேண்டியவர்கள் அனைவரும் வந்துவிட்டார்கள் என்று சொல்லிவிட முடியாது. டெல்லி எய்ம்ஸில் 2016இல் புறநோயாளிகளாக வந்த 23 லட்சத்துக்கும் மேற்பட்டோரின் பதிவுகளை ஆராய்ந்தபோது, ஒரு பெண்ணுக்கு 1.69 ஆண்கள் என்ற கணக்கில் வந்திருந்தார்கள். ஊர் எட்ட இருக்க இருக்கப் பெண்கள் மேலும் குறைந்தார்கள். இதயக் குறையோடு பிறந்து அறுவை பரிந்துரைக்கப்பட்ட குழந்தைகளில் ஆண்களில் 70 விழுக்காட்டினருக்கும் பெண்களில் 44 விழுக்காட்டினருக்குமே அறுவை நடந்தது என்று அங்கிருந்து 2011இல் வந்த ஆய்வு சொல்கிறது. நெஞ்சில் தழும்பு விழுந்தால் திருமணம் நடக்காது என்ற பெற்றோரின் அச்சம் அதில் பதிவாகியிருக்கிறது. தழும்பு தெரியாத சிறு துளைச் சிகிச்சை இந்த அச்சத்தைத் தணிக்கும் என்பது ஆறுதல்தான். ஆனால் தழும்பை மறைப்பதால் நோயை மறைக்கும் பழக்கம் தீராது. பெண் வீட்டார் மறைத்த இதய நோய், மணமான வீட்டில் மருந்தில்லாமல் முற்றுகிறது.

தமிழ்நாடு டெல்லி அன்று, இங்கே நிலைமை மேல் என்று சொல்வார்கள். உண்மை. இங்கே 99.6 விழுக்காடு பிரசவங்கள் மருத்துவமனையில் நடக்கின்றன. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் ஆண்டுக்குக் குடும்பம் ஒன்றுக்கு ஐந்து லட்சம் ரூபாய் வரை செலவை ஏற்கிறது. காசில்லாமல் வால்வுச் சிகிச்சை நின்றுபோகும் காலம் பெருமளவு கடந்துவிட்டது; அதற்காக நாம் பெருமைப்படலாம். ஆனால் காப்பீடு மருத்துவமனை வாசலில் தொடங்குகிறது. வாசலுக்கு எப்போது வந்தாள் என்பது அதன் கணக்கில் இல்லை. சிகிச்சைக்குப் பிந்தைய ஆண்டுகளும் அப்படியே. பலூனால் திறந்த வால்வு மெல்ல மெல்ல மீண்டும் சுருங்கும். காய்ச்சல் திரும்பாமலிருக்க மூன்று வாரத்துக்கு ஒருமுறை பென்சிலின் ஊசி வேண்டும். ஆண்டுக்கொரு முறையாவது எக்கோ வேண்டும். நாள் தவறாத இந்தக் கவனிப்புக்கு வீட்டில் யாராவது அவளை நினைவூட்டி அழைத்துப்போக வேண்டும். குடும்பத்தில் எல்லோரையும் மருத்துவமனைக்கு அழைத்துச் செல்பவளை அழைத்துச் செல்ல யார் இருக்கிறார்கள்?

பிந்துவதன் விலை எவ்வளவு என்பதையும் எம்-பேக் பதிவேடே சொல்கிறது. அதில் தாய் இறப்பு மொத்தத்தில் 1.9 விழுக்காடு. செயற்கை வால்வு பொருத்திய பெண்களிடம் அது 8.6 விழுக்காடு. உலோக வால்வு வைத்தவர்கள் ரத்தம் உறையாமலிருக்க வாழ்நாள் முழுதும் மாத்திரை சாப்பிட வேண்டும்; அந்த மாத்திரை கருவைப் பாதிக்கக்கூடியது; நிறுத்தினால் வால்வில் ரத்தம் உறைந்து தாயின் உயிர் போகக்கூடும். ஆணுக்கு வால்வு மாற்றம் பத்தியமும் மாத்திரையும் சேர்ந்த வாழ்க்கை. பிள்ளை பெற வேண்டிய வயதிலிருக்கும் பெண்ணுக்கு அது ஒவ்வொரு கர்ப்பத்திலும் உயிரைப் பணயம் வைப்பது. ஆகவே சொந்த வால்வைக் காப்பாற்றும் சீரமைப்பு ஆணைவிடப் பெண்ணுக்கே அதிக மதிப்புடையது. ஆனால் சீரமைப்பு முடிவது இதழ்கள் மென்மையாக இருக்கும்வரைதான். பலூனுக்கு ஏற்ற பருவத்தைக் கடந்து வருபவளுக்கு மிஞ்சுவது வால்வு மாற்றமே. யாருக்குச் சீரமைப்பு மிகவும் தேவையோ அவரையே அதற்குரிய காலம் கடந்தபின் கொண்டுவந்து சேர்க்கும் ஏற்பாட்டை, ‘பெண்களுக்குப் பலன் குறைவு’ என்ற புள்ளிவிவரமாக மட்டும் பார்ப்பது அநீதி.

இதை மாற்றும் இடம், குழாய் வழிச் சிகிச்சை நடக்கும் சென்னையின் கேத் லேப் அன்று. ஐயங்கார்குளம் போன்ற ஊர்கள். காஞ்சிபுரத்துக்குத் தெற்கே, சஞ்சீவிராயர் கோயிலுக்கும் நடவாவிக் கிணற்றுக்கும் பெயர்பெற்ற இந்த ஊரிலிருந்து காஞ்சிபுரம் அரசு மருத்துவமனை எட்டும் தொலைவுதான். செங்கல்பட்டு மருத்துவக் கல்லூரியும் சென்னையும் அதற்கடுத்த படிகள். படிகள் இருக்கின்றன. முதல் படியில் கேட்க வேண்டிய கேள்விதான் விடுபடுகிறது. கர்ப்பத்தைப் பதிவுசெய்ய வரும் ஒவ்வொரு பெண்ணையும் கிராமச் செவிலியர் சந்திக்கிறார். அப்போதே இடப்பக்கம் சாய்த்துப் படுக்கவைத்து மருத்துவர் ஸ்டெதாஸ்கோப்பால் கவனித்துக் கேட்பதும், ஐயமிருந்தால் எக்கோவுக்கு அனுப்புவதும் விதியாக வேண்டும். இரும்புச்சத்து மாத்திரைக்குப் பிறகும் மூச்சிரைப்பு தீராத பெண்ணை அடுத்த படிக்கு அனுப்பியே தீர வேண்டும். 2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் வீட்டு வாசலில் மாத்திரை தருகிறது. பலூன் சிகிச்சை முடித்த பெண்ணின் பென்சிலின் ஊசித் தேதியும் எக்கோ தேதியும் அதே பதிவேட்டில் ஏறலாம். புதிய கட்டடமோ புதிய துறையோ இதற்கு வேண்டியதில்லை. பிரசவத்தோடு முடிந்துவிடும் கவனிப்பை, பிரசவத்துக்குப் பிறகும் அவள் பெயரிலேயே நீட்டித்தால் போதும்.

ஆய்வுலகம் செய்ய வேண்டியதும் உண்டு. பெண்கள் சேர முன்வருவதில்லை என்பது இனி சாக்காகாது. பெருந்தமனி வால்வைக் குழாய் வழியே மாற்றுவதை அறுவையோடு ஒப்பிட, 443 பெண்களை மட்டுமே சேர்த்து ஐரோப்பாவில் நடந்த ‘ரியா’ ஆய்வின் முடிவு 2024இல் அறிவிக்கப்பட்டது. இறப்பு, பக்கவாதம், மறுசேர்க்கை ஆகிய மூன்றும் சேர்ந்த கணக்கு ஓராண்டில் அறுவைக் குழுவில் 15.6 விழுக்காடு, குழாய்ச் சிகிச்சைக் குழுவில் 8.9. பெண்களைத் தனியே கேட்டதால்தான் பெண்களுக்கான விடை இவ்வளவு தெளிவாகக் கிடைத்தது. மைட்ரல் வால்வுச் சிகிச்சை பெறும் பெண்கள் நிறைந்திருக்கும் நாடு நம்முடையது. காப்பீட்டுத் திட்டத்தில் நடக்கும் ஒவ்வொரு வால்வுச் சிகிச்சையின் முடிவையும் பால்வாரியாக வெளியிட்டாலே பாதி இருள் விலகும். அதில் முதல் அறிகுறிக்கும் சிகிச்சைக்கும் இடைப்பட்ட காலத்தையும் ஒரு கட்டமாகச் சேர்க்க வேண்டும். வால்வின் தடிப்பை அளக்கும் நாம் அந்தத் தடிப்புக்கு வழிவிட்ட ஆண்டுகளையும் அளந்தால், பெண்ணுக்குப் பலன் குறைவது அவள் உடலின் குறை என்று சொல்லிக் கடந்துபோக முடியாது. எத்தனை ஆண்டுகள் அவளைக் காக்கவைத்தோம் என்பதற்கு நாம் பதில் சொல்லியாக வேண்டும்.